சராசரிக் கணக்கு போதாது

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாழப்பாடிக்கு மேற்கே மேட்டுப்பட்டியில் ஒரு சுங்கச் சாவடி இருக்கிறது. அதைக் கடக்கும் லாரிகள் எத்தனை, பஸ்கள் எத்தனை, கார்கள் எத்தனை என்பதெல்லாம் அங்கே பதிவாகின்றன. வண்டியில் இருப்பது பாக்கு மூட்டையா, மரவள்ளிக் கிழங்கா என்று எவரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அதே ஊர் வழியாக ஓடும் மற்றொரு போக்குவரத்துக்கு, அதாவது இணையப் போக்குவரத்துக்கு, ஜனங்கள் பார்க்கக்கூடிய இப்படியொரு கணக்கு வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இது படித்தவர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய விஷயமன்று. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் விரல்ரேகைப் பதிவு 2020-ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்தது. இணைப்பு தடைப்பட்டால் வரிசை நகராது. அன்றாடக் கூலிக்குச் செல்பவருக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. கடைக்காரர் கம்பெனியைக் குறை கூறுவார். கம்பெனியார் இயந்திரத்தைக் குறை கூறுவர். யார் சொல்வது மெய் என்று தீர்க்க நடுநிலையான அளவை ஒன்று கையில் இல்லாதபோது, நஷ்டம் ஏழையின் தலையிலேயே விடிகிறது.

அதிகாரிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூற மாட்டோம். டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், வேகத்தைப் பிரஜைகளே அளந்து பார்க்க 2016-இல் ‘மைஸ்பீட்’ செயலியை வெளியிட்டது. விநாடிக்கு 2 மெகாபிட் வேகமாவது இருந்தால்தான் அகலக்கற்றை என்று 2023-இல் ஸர்க்கார் வரையறுத்தது. கம்பெனிகள் தங்கள் சேவை எட்டும் இடங்களை வரைபடமாக வெளியிட வேண்டும் என்று 2024-ஆம் வருஷ விதிகள் கூறுகின்றன. இவை வரவேற்கத் தக்கவையே. ஆயினும், வரைபடத்தில் வர்ணம் பூசியிருப்பது அலை எட்டுகிறது என்பதற்கே அத்தாட்சி. இரவு எட்டு மணிக்கு ஊரே ஒரு கோபுரத்தின்மேல் விழும்போது என்ன நேருகிறது என்பதை அந்த வர்ணம் சொல்லாது.

பரந்த பிரதேசத்துக்கு எடுக்கும் சராசரியும் சொல்லாது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர் டெலிபோன் அழைப்புகளின் நெரிசலுக்கு 1909-லேயே கணிதம் வகுத்தார். பல அழைப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் தணிந்துவிடும் என்பது டெலிபோன் காலத்து அனுபவம். கணினிகளின் போக்குவரத்து அப்படியன்று. அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சி நிலையத்தார் 1989 முதல் 1992 வரை தங்கள் வலைப்பின்னலில் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, விநாடிக் கணக்கில் பார்த்தாலும் மணிக் கணக்கில் பார்த்தாலும் திடீர் வெள்ளமும் திடீர் வறட்சியும் அடங்குவதில்லை என்று நிரூபித்தனர். அப்படியிருக்க, தமிழ்நாடு முழுவதையும் ஒரே சேவைப் பகுதியாகக் கொண்டு சராசரி எடுத்தால் அதில் வாழப்பாடி எங்கே தெரியும்? அருநூத்துமலைக் கிராமங்கள் எங்கே தெரியும்? ஜில்லாவின் மழைச் சராசரியைக் காட்டி, வசிஷ்ட நதி வறண்டு கிடக்கும்போது பாசனத்துக்குக் குறைவில்லை என்று வாதிப்பதற்கு இது ஒப்பாகும். காரில் கருவியை வைத்துச் சாலைவழியே ஓட்டிச் சோதிப்பதும் சாலையைத்தான் அளக்கும். மலைமேல் வீட்டுக்குள் இருப்பவனின் கஷ்டத்தை அளக்காது.

வியாபார ரகசியம் என்று கம்பெனிகள் ஆட்சேபிக்கக்கூடும். ஆகாயத்து அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. (அந்த வழக்கு கிரிக்கெட் ஒளிபரப்பில் பிறந்தது, வாழப்பாடியிலும் இப்போது கிரிக்கெட் மைதானம் உண்டு!) நம் சொத்து எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்று கேட்பது எப்படித் தவறாகும்?

அளப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு. அன்னிய ஆட்சியில் தேசபக்தர்களின் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் ஸர்க்கார் உரிம நிபந்தனைகளைத் திருத்தி, யார் எப்போது எந்த முகவரியோடு தொடர்பு கொண்டார் என்ற இணையப் பதிவுகளை இரண்டு வருஷமாவது காப்பாற்றி வைக்கும்படி கம்பெனிகளுக்கு விதித்தது. ஆக, நம்மைப் பற்றிய கணக்குக்குப் பஞ்சமில்லை. நமக்கு வேண்டிய கணக்குக்குத்தான் பஞ்சம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் வருஷத் தீர்ப்புக்குப் பின் இந்த விபரீதம் நீடிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

நாம் கேட்பது மிகச் சொற்பம். தாலுகாவாரியாக, மணிவாரியாக, போக்குவரத்து எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் நின்றது என்ற மூன்றையும், எவருடைய பெயரும் இல்லாமல், டிராய் மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். தாலுகா அலுவலகத்துப் பலகையிலும் அதை ஒட்ட வேண்டும். முதல் பட்டியலை வாழப்பாடித் தாலுகாவுக்கே தயாரிக்கலாம். சமவெளி, நெடுஞ்சாலை, மலை மூன்றும் அதற்குள் இருப்பதால் சோதனைக்கு வேறிடம் தேட வேண்டியதில்லை.