பந்துக்கு நிறம் தெரியுமா?

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக் குழுக்களுக்கு, பருவ முடிவில் "பவுல்" என்ற விசேஷப் பந்தயங்கள் உண்டு.

1956 ஜனவரி 2-ந் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் "சுகர் பவுல்" பந்தயம். பிட்ஸ்பர்க் குழுவும் ஜார்ஜியா டெக் குழுவும் மோதின.

பிட்ஸ்பர்க் குழுவில் பாபி கிரியர் என்ற கறுப்பின வாலிபர் இருந்தார். கறுப்பர் இருக்கும் குழுவோடு ஜார்ஜியா டெக் ஆடக்கூடாது என்றார், ஜார்ஜியா கவர்னர் கிரிபின்.

அவரை எதிர்த்துத் திரண்டது யார்? ஜார்ஜியா டெக்கின் வெள்ளை மாணவர்களே! கவர்னர் மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். கொடும்பாவி கொளுத்தினார்கள்.

பந்தயம் நடந்தது. கிரியர் ஆடினார். ஜார்ஜியா டெக் 7-0 என்று ஜெயித்தது.

கிரியரின் குழு தோற்றது. ஆனால், சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பர் என்ற பெருமை அவருக்கே!

பெரியவர்கள் மறந்த நியாயத்தைப் பிள்ளைகள் மறக்கவில்லை. எதிராளிக்காகக் குரல் கொடுத்தார்களே, அதுதான் உண்மையான வெற்றி!