அச்சிடப்படாத கேள்வி

ஐதராபாத்தில் ஒரு காலத்தில் கடைக்கு அனுப்பப்படும் சிறுவன் இரண்டு வகை ரூபாயை அறிந்திருக்க வேண்டும். நிஜாம் அரசின் சொந்த நாணயமான ஹாலி சிக்கா ஒன்று. பிரிட்டிஷ் பாளையமாக இருந்த செகந்தராபாத்தில் புழங்கிய, கல்தார் என்று இவ்வூரார் அழைத்த இந்திய ரூபாய் மற்றொன்று. ஏழு ஹாலி ரூபாய் ஆறு இந்திய ரூபாய்க்குச் சமம். 1941-இல் ஐதராபாத் ஸ்டேட் வங்கி தோன்றியபோது, இந்த நாணயத்தை நிர்வகிப்பதும் அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. 1959-இல்தான் ஹாலி சிக்கா முற்றிலும் செல்லாததாயிற்று. மூன்று கல்தார் ரூபாய் விலையுள்ள பொருளில் நான்கை வாங்கிவிட்டு இருபது ஹாலி ரூபாயை நீட்டினால், மீதி எத்தனை ஹாலி ரூபாய் வரவேண்டும்? நான்கு பொருளுக்குப் பன்னிரண்டு கல்தார். அது பதினான்கு ஹாலி. ஆகவே மீதி ஆறு. மூன்று படிகள். கடைக்காரர் ஐந்தைக் கொடுத்து அனுப்பினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவன் அந்தச் சிறுவன்தான்.

இன்று அதே ஊரில், பத்மாராவ் நகரிலோ மாரேட்பள்ளியிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். நான்காம் வகுப்புக் குழந்தையின் முன் நோட்டுப்புத்தகம் விரிந்திருக்கிறது. “ஒரு பைக்கு 24 எலுமிச்சை வீதம் 5 பைகள் வாங்கினார். அவற்றுள் 18 அழுகிவிட்டன. மீதியை மூன்று பழம் 20 ரூபாய் என்று விற்றார். அவருக்குக் கிடைத்த தொகை எவ்வளவு?” குழந்தை ஒருமுறை படிக்கிறது. பிறகு, தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் எல்லா வீடுகளிலும் ஒலிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கிறது: “அப்பா, இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?”

அப்பாவும் சொல்லிவிடுகிறார். “முதலில் பெருக்கு, அப்புறம் கழி, அப்புறம் வகு, கடைசியில் பெருக்கு.” விடை 680 என்று வருகிறது; நோட்டு மூடப்படுகிறது. அப்பாவின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் குழந்தை செய்யவேண்டியிருந்த ஒரே வேலையை அவர் செய்து முடித்துவிட்டார். எஞ்சியது கூலி வேலை. அதைக் கைப்பேசியும் செய்யும்.

பல படிகள் கொண்ட வார்த்தைக் கணக்கு ஏன் கடினமாகிறது என்பதற்கு நம் விடை இதுதான்: இடையில் கேட்கப்படவேண்டிய கேள்விகள் அதில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ‘மொத்தம் எத்தனை பழம்?’, ‘விற்கத் தகுந்தவை எத்தனை?’, ‘அவற்றில் மூன்று மூன்றாக எத்தனை கூறு?’ ஆகிய மூன்றும் புத்தகத்தில் இல்லை. கடைசிக் கேள்வி மட்டுமே இருக்கிறது. இடைக் கேள்விகளைத் தானே எழுப்பிக்கொள்ளும் குழந்தைக்கு இக்கணக்கு நான்கு எளிய கணக்குகளாகப் பிரிந்துவிடும். எழுப்பத் தெரியாத குழந்தைக்கு அது நான்கு எண்களும் சில சொற்களும் கலந்து கிடக்கும் குவியலாகத் தெரியும்.

இந்தக் குவியலைக் கையாளப் பள்ளிகளும் தனிப்பயிற்சி வகுப்புகளும் ஒரு குறுக்குவழி கற்பிக்கின்றன. ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு. ‘மீதி’ என்றால் கழி. ‘அதிகம்’ என்றால் கூட்டு. ‘வீதம்’ என்றால் பெருக்கு. ஒரே படியுள்ள கணக்குகளில் இது பெரும்பாலும் பலிக்கும்; அதுவே இதன் ஆபத்து. ராணியிடம் 15 ரூபாய் இருக்கிறது. அது மணியிடம் இருப்பதைவிட 6 ரூபாய் அதிகம். இருவரிடமும் சேர்த்து எவ்வளவு? ‘அதிகம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட குழந்தை மணிக்கு 21 ரூபாயைக் கொடுத்து, 36 என்று விடை எழுதும். கதையைப் படித்த குழந்தை மணியிடம் 9 ரூபாய்தான் என்று கண்டு 24 என்று எழுதும். முதல் குழந்தைக்குக் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1980-ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு கணக்கு தரப்பட்டது: கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டு ஒரு விடையைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் பதின்மூன்று வயதினரிடம் 1128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும், ஒன்றில் 36 பேர் அமரலாம் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் சரியாக வகுத்தனர். ஆனால் 32 என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் அதைவிட மிகுதி. அந்தப் பன்னிரண்டு வீரர்கள் இன்னமும் சாலையோரம் நின்றுகொண்டிருக்கிறார்கள் போலும்.

நம் நாட்டு நிலையை 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இடம்பெற்ற குழு, கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1436 குழந்தைகளைச் சந்தித்தது. 800 கிராம் உருளைக்கிழங்கு, ஒன்றே கால் கிலோவைத் தாண்டிய வெங்காயம், இரண்டுக்கும் வெவ்வேறு விலை, கொடுத்த நோட்டுக்கு மீதி என்று பல படிகள் கொண்ட கணக்கை அவர்களில் ஏறத்தாழ எல்லாரும் மனத்திலேயே செய்து முடித்தனர். அதே அளவோ அதைவிட எளிதோ ஆன கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் எழுதித் தந்தபோது திணறினர். அருகிலிருந்த பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 குழந்தைகளோ எளிய எண் கணக்குகளில் முந்தினர். ஆனால் வேலை செய்யும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் விடை கண்ட ஒரு சந்தைக் கணக்கை, அவர்களில் நூற்றுக்கு ஒருவரே செய்து முடித்தார்.

குழந்தைகள் சந்தையில் உழைப்பது நல்லதென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர்கள் வகுப்பறையில் இருக்கவேண்டியவர்கள். இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் கணக்கு தெரிகிறது, ஆனால் பாதி பாதியாகத் தெரிகிறது என்பதே நம் கவலை. தராசின் முன் நிற்கும் குழந்தைக்கு இடைக் கேள்வியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உருளைக்கிழங்குக்கு எவ்வளவு என்று தெரியாமல் மொத்தம் சொல்ல முடியாது என்பது அதற்குத் தெரியும். பள்ளிக் குழந்தைக்கு அந்தக் கேள்வியை எழுப்பும் பழக்கமே ஏற்படவில்லை.

அதே ஆய்வு வாய்ப்பாட்டின் பக்கமும் ஒரு வாக்கு அளிக்கிறது. பள்ளிக் குழந்தைகள் சிறு பெருக்கலுக்கும் கோடு கோடாக எழுதி எண்ணினார்கள். விடை வருவதற்குள் எதைத் தேடினோம் என்பது மறந்துபோகும் அளவுக்கு அது மெதுவானது. ஊரக இந்தியாவில் ஐந்தாம் வகுப்பினரில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவர்கள் 30.7 விழுக்காடு என்று 2024-ஆம் ஆண்டின் ‘அசர்’ அறிக்கை சொல்கிறது. ஆகவே, மனப்பாடம் வேண்டாம், புரிதல் போதும் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் நிற்கும் குழந்தைக்குத்தான் கதையைப் பற்றி நினைக்க மனத்தில் இடம் மிஞ்சும்.

ஐதராபாத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, அது மொழி. 2022-23 கல்வியாண்டு முதல் தெலங்கானா அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலவழிக் கல்வி கொண்டுவரப்பட்டது. தனியார் பள்ளிகளில் அது முன்பே நிலைத்துவிட்டது. அரசு இருமொழிப் பாடநூல்களையும் அச்சிட்டது: ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம். இதை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். ஏனெனில் வார்த்தைக் கணக்கில் மொழிதான் முதல் படி. ‘15-இலிருந்து 8-ஐக் கழி’ என்று தமிழில் சொல்கிறோம். தெலுங்கிலும் உருதுவிலும் இதே வரிசைதான். பதினைந்து முன்னே வரும், எட்டு பின்னே வரும். ஆங்கிலத்தில் எட்டு முதலில் வந்துவிடும். சார்மினார் பக்கத்து உருதுக் குழந்தையும், எல்.பி. நகரின் தெலுங்குக் குழந்தையும், நம் வீட்டுத் தமிழ்க் குழந்தையும் ஒரே இடத்தில் தடுமாறுவதன் காரணங்களுள் இது ஒன்றென்று நாம் கருதுகிறோம். ஆசிரியர் அதைக் கழித்தல் தெரியாமை என்று குறித்துக்கொள்கிறார்.

நம் முன்னோர் கணக்கைத் தாய்மொழியில் கதையாகவே சொன்னார்கள். காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் செய்யுளில் கணக்காக்கியது. ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீரர் வடமொழியில் இயற்றிய ‘கணிதசாரசங்கிரக’த்தைப் பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் தெலுங்கில் தந்தார், 1912-இல் சென்னைப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். செவியால் கேட்கப்பட்ட கணக்கு அது. எண்களை வட்டமிட்டு எடுத்துக்கொள்ளத் தாள் இல்லை. கதை மனத்தில் நின்றால்தான் கணக்கு நிற்கும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலில், ஒரு மாலையில் பத்துக் கணக்கு என்பதை இரண்டாகக் குறைக்கலாம். கணக்கின் கடைசி வரியை, அதாவது கேள்வியை, விரலால் மறைத்துவிட்டுக் குழந்தையைக் கேட்கலாம்: “இதுவரை படித்ததை வைத்து உன்னால் எதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும்?” எலுமிச்சைக் கணக்கில் ஒரு குழந்தை ‘120 பழம்’ என்று சொல்லும், இன்னொன்று ‘102 நல்ல பழம்’ வரை செல்லும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எதன் எண்ணிக்கை என்று ஒரு சொல் எழுதச் செய்யவேண்டும். வெறும் 34 என்று நின்றால் அது ரூபாயா, பழமா, கூறா என்பது குழந்தைக்கே தெரியாமற்போகும். ‘34 கூறு’ என்று எழுதிவிட்டால், அடுத்து இருபதால் பெருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவேண்டாம். இதைத் தமிழிலேயே பேசலாம். விடைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் இதற்கு நேரமேது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்வு இறுதி விடைக்கு மட்டுமே மதிப்பெண் கொடுக்கும்வரை அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இடைக் கேள்வியை எழுதிய குழந்தைக்கு, விடை தவறினாலும் பாதி மதிப்பெண் கொடுக்கும் வினாத்தாள் வந்தால் குறுக்குவழிகள் தாமாகவே உதிரும்.

ஒரு வங்கியின் இதழுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வியக்கலாம். என்சிஇஆர்டி முன்பு வெளியிட்ட ஐந்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் பாடம் மீன்களையும் மீனவர்களையும் பற்றியது. அதில் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு வங்கி வரும். சகோதரியர் இருவர் படகு வாங்க அதில் 21,000 ரூபாய் கடன் பெற்று, ஓராண்டில் 23,520 ரூபாயாகத் திருப்பிச் செலுத்துகிறார்கள். மாதம் எவ்வளவு என்பது கேள்வி. விடை 1,960. புத்தகம் அங்கே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கடனின் விலை என்ன? 2,520 ரூபாய். கிளைகளில் நம் முன் அமரும் பெரியவர்களில் பலரும் முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறார்கள். “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்று கேட்டு, சம்பளத்தில் அடங்கும் என்று கண்டதும் கையெழுத்திடுகிறார்கள். தவணைக் காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து ஏழாக நீட்டினால் மாதத் தொகை குறைகிறது, முடிவில் கட்டும் மொத்தம் கூடுகிறது என்பது இரண்டு படிக் கணக்கு. வகுக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். இடையில் ஒரு கேள்வி உண்டென்று நான்காம் வகுப்பில் யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கேள்வியை மறைக்கும் இந்த முறையைச் சில வாரங்களாகச் செய்து பார்க்கிறார்கள். எலுமிச்சைக் கணக்கில் அந்த வீட்டுச் சிறுமி 680 வரை வந்துவிட்டாள். பிறகு பென்சிலைக் கீழே வைக்காமல், புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்பா, ஒரு பை என்ன விலைக்கு வாங்கினார்னு இதுல போடவே இல்லையே?”