படிப்பு நாளும் பிரார்த்தனைப் பிரயாணமும்

குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு, மச்சான் வீட்டுக் காதுகுத்து, பழனிக்குப் பாதயாத்திரை, திருப்பதிக்கு மொட்டை என்று சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களிலேயே பிள்ளைகளை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது நம் ஜனங்களிடத்தில் வெகு சாதாரணமாயிருக்கிறது. கேட்டால், "சாமி காரியம், நாலு நாளில் என்ன முழுகிப் போய்விடும்?" என்கிறார்கள். என்ன முழுகிப் போகிறது என்பதைக் கணக்குப் பார்ப்போம்.

2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, 5-ம் வகுப்பு வரையில் வருஷத்துக்கு 200 நாளும், 6 முதல் 8-ம் வகுப்பு வரையில் 220 நாளும் பள்ளிக்கூடம் நடந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தாலும், ஏறக்குறைய 145 நாட்கள் வீட்டுக்கென்றே மிஞ்சுகின்றன. கோடை விடுமுறை இருக்கிறது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் இருக்கின்றன. எந்நாளும் எவ்விடத்தும் இருப்பவர் கடவுள் என்று சொல்லுகிறவர்களைக் கேட்கிறோம்: அந்தக் கடவுளுக்கு மே மாதம் மட்டும் ஏன் ஆகாது? அரையாண்டுப் பரீட்சைச் சமயம் பார்த்துப் பையன் கழுத்தில் மாலை போட்டு மலையேற்றினால்தான் அவர் ஏற்றுக்கொள்வாரா?

பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாரத்தில் வராத பிள்ளை, மறுவாரம் தசமக் கணக்கு நடக்கும்போது விழிக்கிறது. பணக்காரன் டியூஷன் வைத்துச் சரிக்கட்டிக்கொள்வான். படித்தவன் வீட்டில் தாயோ தகப்பனோ சொல்லிக் கொடுப்பார்கள். பாட்டன் முப்பாட்டன் காலமுதல் பள்ளிக்கூட வாசலையே மிதியாத குடும்பத்தில் விட்ட பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது? அதிலும் பெண்பிள்ளை என்றால், கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று முதலில் அவளைத்தான் நிறுத்துகிறார்கள். பின்தங்கிய பிள்ளை வகுப்பில் வெட்கப்படுகிறது. வெட்கப்பட்ட பிள்ளை போகமாட்டேன் என்கிறது. பிறகு, "அதன் தலையெழுத்து" என்று சொல்ல வீட்டாருக்கு வெகு சௌகரியமாய்ப் போய்விடுகிறது!

நிற்க, 1953-ல் ராஜாஜி மந்திரிசபை ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது குலக்கல்வி என்று தமிழ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். காமராஜர் முதன்மந்திரியான 1954-லேயே அது கைவிடப்பட்டது. சர்க்கார் நம் பிள்ளைகளின் படிப்பு நேரத்தில் கைவைத்தால் அக்கிரமம். அதே நேரத்தை நாமே அள்ளிக் கொடுத்தால் புண்ணியமா? இது எந்த நியாயம்?

ஊர் சுற்றிப் பார்ப்பதும் ஒரு படிப்புத்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. வீட்டில் சாவு, நோய் என்றால் பிள்ளை நின்றுதான் ஆகவேண்டும். ஆனால் நாள் குறிப்பது நம் கையிலிருக்கும் காரியத்துக்குப் பள்ளிக்கூட நாளைப் பலி கொடுப்பானேன்?

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை பிரயாணத்துக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதை விட்டுப் பள்ளிக்கூடத்து விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். மொட்டை போடாவிட்டால் மயிர் வளரும். வேறு கெடுதி ஒன்றுமில்லை. விட்ட பாடத்துக்கு வட்டி கட்டப்போவது உங்கள் பிள்ளை.