பிறந்த ஆண்டின் மீது பழி

ஓர் அலுவலகத்தில் இளைஞர் ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். “2கே கிட்ஸ் இப்படித்தான் சார், ஒரு இடத்தில் தங்க மாட்டார்கள்” என்கிறார் மூத்த ஊழியர். அதே வாரம் புதிய மென்பொருளைப் பற்றி அந்த மூத்தவர் நாலு சந்தேகம் கேட்கிறார். “பூமர் அங்கிளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது” என்று பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. இளைஞர் ஏன் போகிறார், மூத்தவருக்கு எது புரியவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. பிறந்த ஆண்டே இரண்டுக்கும் காரணமாகிவிட்டது.

இந்தப் பேச்சுக்கு இப்போது மேலாண்மைப் பயிற்சி என்ற மரியாதையும் கிடைத்திருக்கிறது. பூமர், ஜென் எக்ஸ், மில்லினியல், ஜென் இசட் என்று ஊழியர்களைப் பிறந்த ஆண்டை வைத்து நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணம், ஒரு பேசும் முறை என்று வகுப்பெடுக்கிறார்கள். அந்த வகுப்புகளில் சொல்லப்படும் நான்கு வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: ஒரே காலத்தில் பிறந்தவர்கள் ஒரே குணத்தவர்கள்.

‘பூமர்’ என்பது அமெரிக்காவில் பிறந்த சொல். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946 முதல் 1964 வரை, அங்கே பிறப்பு எண்ணிக்கை திடீரென எகிறியது. இந்தியாவில் போருக்கு முன்பும் பின்பும் பிறப்பு விகிதம் உயரத்தில்தான் இருந்தது. அப்படியொரு திடீர் எழுச்சி இங்கே கிடையாது. தலைமுறை பற்றி 1928இல் எழுதிய சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம், ஒரே சமயத்தில் பிறந்துவிட்டால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது, அதே வரலாற்று அனுபவத்தில் பங்கும் இருக்க வேண்டும் என்றார். 1998இல் பிறந்து சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரையும், அதே ஆண்டில் பிறந்து பதினெட்டு வயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவரையும் ஒரே பெயரில் அழைத்தால், இருவரைப் பற்றியும் எதுவும் தெரியவராது.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமிகள் 2020இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டன. ஊழியர்களை நிர்வகிக்கத் தலைமுறைப் பிரிவுகள் உதவும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. வயதின் விளைவு, காலச் சூழலின் விளைவு, பிறந்த காலத்தின் விளைவு ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. 25 வயதுக்காரரையும் 55 வயதுக்காரரையும் ஒரே நாளில் கேள்வி கேட்டு அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாம் வாதம்: இன்றைய இளைஞர்களுக்கு விசுவாசம் இல்லை, தாவிக்கொண்டே இருப்பார்கள்.

தாவுகிறார்கள், உண்மை. ஆனால் அது இன்று தொடங்கியதல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், 25 முதல் 34 வயது வரையிலான ஊழியர்கள் ஒரே முதலாளியிடம் இருந்த இடைநிலைக் காலம் 1983இல் 3 ஆண்டு, 2022இல் 2.8 ஆண்டு. நாற்பது ஆண்டுகளில் மாற்றம் சில மாதங்கள்தான். 2022இல் 55 முதல் 64 வயதுக்காரர்களுக்கு இது 9.8 ஆண்டு. இளமையில் வேலை மாறித் தேடுவதும், பிறகு ஓரிடத்தில் ஊன்றுவதும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. 1990இல் ‘டைம்’ இதழ் அன்றைய இருபதுகளில் இருந்தவர்களை முடிவெடுக்கத் தயங்குபவர்கள் என்று அட்டைக் கட்டுரையில் எழுதியது. அந்த வயதுக்காரர்கள்தான் பிறகு மேலாளர் நாற்காலியில் இருந்துகொண்டு இளையவர்களைக் குறை சொன்னார்கள்.

விசுவாசம் எதன் மேல் நிற்கிறது என்பதைத் தமிழக அரசு அலுவலகங்களே காட்டும். 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அன்று முதல் சேர்ந்தவருக்கு நீண்ட காலம் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே கோப்பு. ஆனால் அலுவலகம் இருவருக்கும் கொடுத்த வாக்கு வேறு. பழைய ஓய்வூதியம் கேட்டு ஊழியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை யாரும் ‘தலைமுறைக் குணம்’ என்று சொல்லவில்லை. தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்த இளைஞர் மட்டும் எந்த வாக்கும் பெறாமலே விசுவாசம் காட்ட வேண்டுமென்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மூன்றாம் வாதம்: வயதானவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் ஏறாது.

இதற்கு நம் வங்கிகளே பதில். அன்றைய ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி 1984இல் அறிக்கை தந்தது. வேலை போய்விடுமோ என்று சங்கங்கள் அஞ்சின, எதிர்த்தன, பிறகு நிர்வாகத்தோடு பேசிப் படிப்படியாக ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. 2000களில் கிளைகளை ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங்குக்கு வங்கிகள் மாறியபோது கவுன்ட்டரில் இருந்தவர்களில் பலர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலைக்குச் சேர்ந்து, தடித்த லெட்ஜரில் கையால் வரவு வைத்தவர்கள். நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய அவர்கள்தான் கணினித் திரைக்கு மாறினார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் அவகாசமும் தரப்பட்டன. ஒரு மணி நேர வகுப்பு எடுத்துவிட்டு மறுநாளே வேகத்தை எதிர்பார்க்கும் அலுவலகம், பிறகு வயதைக் குறை சொல்வது முறையல்ல.

நான்காம் வாதம்: இளையவர்களுக்கு வாட்ஸாப், மூத்தவர்களுக்குப் போன், ஒவ்வொரு தலைமுறையிடமும் தனி மொழியில் பேச வேண்டும்.

வங்கிக் கிளையில் எல்லாரும் ‘சார்’, ‘மேடம்’. மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வங்கியிலிருந்து மென்பொருள் நிறுவனத்துக்கு மாறுகிற ஒருவர் சில வாரங்கள் தயங்கிவிட்டுப் பெயர் சொல்லப் பழகிவிடுகிறார். அவர் வயது மாறவில்லை, இடத்தின் வழக்கம் மாறியது. இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸாப் செய்தியும் அப்படியே. இளையவர் அதற்குப் பதில் போடாவிட்டால் ‘அக்கறை இல்லை’. மூத்தவர் போடாவிட்டால் ‘போன் பார்க்கத் தெரியாது’. எது அவசரம், அவசரம் என்றால் யார் யாரை அழைப்பது, எத்தனை மணிக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அந்த அலுவலகம் ஒரு நாளும் உட்கார்ந்து முடிவு செய்திருக்காது.

வயது பொருட்டே இல்லை என்பதல்ல இங்கே சொல்ல வருவது. 24 வயதில் வேலை கற்றுக்கொள்ள ஆள் துணை வேண்டும். 35இல் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரம் வேண்டும். 55இல் முழங்கால் வலிக்கும். இவை எந்த ஆண்டில் பிறந்தவருக்கும் வரிசையாக வரக்கூடியவை. இவற்றைக் கணக்கில் எடுத்து வேலையை அமைக்க முடியும்.

ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங்கில் பி.எம்.டபிள்யூ. ஆலை 2007இல் அதைச் செய்தது. பத்தாண்டில் தொழிலாளர்களின் சராசரி வயது 39இலிருந்து 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, அந்தச் சராசரி வயது வருமாறு 42 பேரை ஒரே உற்பத்தி வரிசையில் நிறுத்திப் பார்த்தது. மற்றவர்கள் அதற்கு ‘பென்ஷன்காரர் வரிசை’ என்று பெயர் வைத்தார்கள். உடம்பில் எங்கே வலிக்கிறது, வரிசையில் எதை மாற்றலாம் என்று அதில் நின்றவர்களிடமே கேட்டார்கள். மரத்தளம், உட்கார நாற்காலி, சிறு பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி என்று 70 மாற்றங்கள் வந்தன. அவற்றுக்கான நேரடிச் செலவு சுமார் 20,000 யூரோ. ஒரே ஆண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்து, இளையவர்கள் வேலை செய்த வரிசைகளுக்குச் சமமாக வந்தது.