காந்தத்துக்கு மசியாத சூப்பர் கண்டக்டர்: ரகசியம் அணுக்களின் அடுக்கில்!

2023 ஜூலையில் வைரலான 'எல்கே-99' ஞாபகம் இருக்கா? அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் என்று இணையமே கொண்டாடியது. சில வாரங்களில் அது சூப்பர் கண்டக்டரே இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால், 2021-ல் வந்த நிஜமான ஒரு கண்டுபிடிப்பை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை.

காந்தம் ஏன் வில்லன்?

சூப்பர் கண்டக்டருக்குள் எலெக்ட்ரான்கள் ஜோடியாகப் பயணிக்கின்றன. வழக்கமான ஜோடியில் ஒன்றின் ஸ்பின் மேல்நோக்கி இருந்தால், மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கி இருக்கும். வலுவான காந்தப்புலம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடி பிரிந்தால் கதை முடிந்தது. எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியின் காந்தமே சூப்பர் கண்டக்டர் கம்பிச் சுருள்தான். அதனால் காந்தத்தைத் தாங்கும் திறன் ரொம்ப முக்கியம்.

2021-ல் என்ன நடந்தது?

ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனக் குழுவினர், சீரியம், ரோடியம், ஆர்சனிக் சேர்ந்த ஒரு படிகத்தை ஆராய்ந்தார்கள். அது 0.26 கெல்வினில், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸில், சூப்பர் கண்டக்டர் ஆகிறது. வழக்கமான கணக்குப்படி அரை டெஸ்லா காந்தப்புலத்திலேயே அது தோற்றிருக்க வேண்டும். ஆனால், அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தபோது 14 டெஸ்லா வரை தாக்குப்பிடித்தது! அடுக்குகளின் தளத்திலேயே கொடுத்தால் தாங்கியது சுமார் 2 டெஸ்லாதான்.

சமச்சீரில் இருக்கு விஷயம்

சிம்பிளா சொன்னா, ஒரு பிரெட் துண்டுக்கு மேலே சட்னி, கீழே வெண்ணெய். அடுத்த துண்டுக்கு மேலே வெண்ணெய், கீழே சட்னி. மொத்த அடுக்கையும் தலைகீழாக்கினாலும் அப்படியேதான் தெரியும். ஆனால், தனித்தனியாக எந்தத் துண்டும் சமச்சீராக இல்லை. இந்தப் படிகத்தின் சீரியம் அடுக்குகளும் அப்படித்தான். இந்த ஏற்றத்தாழ்வு எலெக்ட்ரான்களின் ஸ்பின்னை அடுக்கின் தளத்தோடு கட்டிப்போடுகிறது. செங்குத்தாக வரும் காந்தப்புலத்தால் ஜோடியை எளிதில் பிரிக்க முடிவதில்லை. அதுமட்டுமல்ல, சுமார் 4 டெஸ்லாவில் இது ஒரு சூப்பர் கண்டக்டர் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது.

நமக்கு என்ன லாபம்?

இவ்வளவு குளிரில் மட்டும் வேலை செய்யும் பொருள் நாளைக்கே மருத்துவமனைக்கு வராது. ஆனால், அணுக்களை அடுக்கும் விதத்திலேயே காந்தத்தைத் தாங்கும் வலிமை ஒளிந்திருக்கிறது என்பதை இது காட்டிவிட்டது. 'எத்தனை டிகிரியில் வேலை செய்யும்?' என்று மட்டும் கேட்டால் இதுபோன்ற ஆய்வுகள் தோல்வியாகத்தான் தெரியும். பொறுமையாகப் படிகம் வளர்க்கும் ஆய்வகங்களுக்கும் நிதி வேண்டும். நம் கவனமும் வேண்டும். அடுத்த எல்கே-99 ட்ரெண்ட் ஆகும்போது இதையும் நினைவில் வைப்போம்.