எட்டு வருடப் படிப்பு! எந்தக் கல்லூரிக்கு மனு போடுவது?

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் டாக்டர். அந்த நோய் ஏன் வருகிறது என்று சோதனைச் சாலையில் உட்கார்ந்து தேடுபவர் விஞ்ஞானி. இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய முடியுமா?

முடியும். அதற்கென்றே அமெரிக்காவில் ஒரு படிப்பு இருக்கிறது. படித்து முடித்தால் இரண்டு பட்டம். ஒன்று எம்.டி. மற்றொன்று பிஎச்.டி.

நம் நாட்டில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் படிக்கும் மேல்படிப்பு. அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே நாலு வருடம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான் மருத்துவக் கல்லூரியில் சேருவார்கள். அங்கே அவர்கள் வாங்கும் முதல் டாக்டர் பட்டமே எம்.டி.

தொடங்கிய கதை

1956-ம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில் இந்த இரட்டைப் படிப்பு தொடங்கியது. 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதாரக் கழகம் இதற்குப் பணம் கொடுக்க முன்வந்தது. முதலில் மூன்று கல்லூரிகளுக்குத்தான் அந்தப் பணம் கிடைத்தது. இன்று 50-க்கு மேற்பட்ட கல்லூரிகளுக்குக் கிடைக்கிறது. சர்க்கார் பணம் பெறாமல் இந்தப் படிப்பை நடத்தும் கல்லூரிகளும் பல உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல்!

அத்தனை கல்லூரிக்கும் மனு போட முடியாது. எதற்குப் போடுவது? எதை விடுவது? ஒவ்வொரு வருடமும் மாணவர்களைத் திணற வைக்கும் கேள்வி இது.

போனால் வராது

முதல் இரண்டு வருடம் மருத்துவப் பாடம். பிறகு சோதனைச் சாலையில் மூன்று முதல் ஐந்து வருடம் ஆராய்ச்சி. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்து மீதி மருத்துவப் படிப்பு. ஆக மொத்தம் சராசரி எட்டு வருடம்.

23 வயதில் உள்ளே போகிறவர் 31 வயதில் வெளியே வருவார். அதன் பிறகும் ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் பயிற்சி உண்டு. அதற்குள் கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய், வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள்.

எல்லோரும் முடித்து விடுவதும் இல்லை. 24 கல்லூரிகளைப் பற்றி 2010-ல் வெளியான கணக்குப்படி, சுமார் பத்தில் ஒருவர் நடுவழியில் நின்று விடுகிறார். செலவழித்த பணத்தைப் பிறகு சம்பாதித்துக் கொள்ளலாம். வாலிப வயதில் எட்டு வருடம் போனால் வருமா?

இலவசம் என்ற ஆசை

அமெரிக்காவில் சாதாரணமாக மருத்துவம் படிப்பவர்களுக்குக் கடன் தலைக்கு மேல் ஏறும். படித்து முடிக்கும்போது இரண்டு லட்சம் டாலர் கடனோடு நிற்பவர்கள் ஏராளம். இரட்டைப் படிப்புக்கோ பெரும்பாலான இடங்களில் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. கை செலவுக்கு உபகாரச் சம்பளமும் கிடைக்கும்.

"ஆகா, இலவசப் படிப்பு!" என்று இதற்காகவே ஓடுவது தவறு. மற்றவர்கள் நாலு வருடம் முன்னதாகவே டாக்டராகிச் சம்பாதிக்கத் தொடங்கி விடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், பணத்துக்காக இதில் சேருகிறவருக்கு லாபம் இல்லை. ஆராய்ச்சியில் உண்மையான பசி உள்ளவருக்குத்தான் இது சாப்பாடு.

பெயர் பெரிதா, ஆள் பெரிதா?

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது கல்லூரியின் பெயரைத்தான். பெயர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பெயர் மட்டும் போதுமா?

டுரூ வெய்ஸ்மான் என்ற விஞ்ஞானி 1987-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பட்டங்களையும் பெற்றார். பெரிய கல்லூரிகளின் பெயரைச் சொல்லச் சொன்னால், பலர் அதை முதலில் சொல்லமாட்டார்கள். ஆனால் கொரோனா தடுப்பூசிக்கு வழி வகுத்த கண்டுபிடிப்புக்காக 2023-ல் கட்டலின் கரிகோவுடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பால் பார்மர் என்பவர் படித்ததோ புகழ் பெற்ற ஹார்வர்டில். அவர் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொண்டது மனித சமூகங்களைப் பற்றிய மானிடவியல். ஹைத்தி நாட்டு ஏழைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டே படித்து, 1990-ல் இரண்டு பட்டங்களையும் வாங்கினார். எல்லாக் கல்லூரியும் இப்படிப்பட்ட பாடத்தை அனுமதிப்பது இல்லை.

தாம் செய்ய நினைத்த வேலைக்கு இடம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பேராசிரியரை நம்பி ஒரு பெரிய கல்லூரியில் சேருகிறாள். இரண்டு வருடம் கழிகிறது. மருத்துவப் பாடம் முடிந்து, ஆராய்ச்சிக்குப் போகும் நேரம். அந்தப் பேராசிரியர் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்! அவள் கதி என்ன?

ஆகவே மனு போடுமுன் கேட்க வேண்டியவை இவை:

1. தனக்குப் பிடித்த துறையில் குறைந்தது மூன்று நாலு பேராசிரியர்களாவது அங்கே இருக்கிறார்களா?

2. அங்கே படிப்பு முடிய எத்தனை வருடம் ஆகிறது? எத்தனை பேர் பாதியில் போனார்கள்? நல்ல கல்லூரி இதை மறைக்காது.

3. உபகாரச் சம்பளம் கடைசி வருடம் வரை உண்டா? சில வருடங்களுக்கு மட்டுமா?

4. ஆராய்ச்சியில் நாலு வருடம் மூழ்கியவருக்கு நோயாளியைப் பரிசோதிப்பது மறந்து போகும். மறுபடி பழக்கிவிட ஏற்பாடு உண்டா?

5. படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? ஆராய்ச்சியில் இருக்கிறார்களா?

இவற்றைப் பேராசிரியரிடம் கேட்டால் மட்டும் போதாது. நேர்முகப் பேட்டிக்குப் போகும்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஓட்டல் சாப்பாட்டின் ருசியை முதலாளியிடமா விசாரிப்பது?

மனு போடுவதிலும் நிதானம் வேண்டும். பேர் பெற்ற மூன்று நாலு கல்லூரிகளுக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது சூதாட்டம். கண்டபடி நாற்பது கல்லூரிக்குப் போடுவது வீண் செலவு. ஒவ்வொரு கல்லூரியும் தனிக் கட்டணமும் தனிக் கட்டுரையும் கேட்கும். கடினமானவை சில, கைக்கு எட்டுபவை சில என்று கலந்து தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு

அமெரிக்க சர்க்கார் இந்தப் படிப்புக்குக் கொடுக்கும் பணம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவர்களைச் சொந்தப் பணத்தில் படிக்க வைக்கும் கல்லூரிகள் சிலவே. ஆகவே "இலவச சீட் வாங்கித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால், பணத்தை எடுத்து நீட்டிவிடக் கூடாது. நேராகக் கல்லூரிக்கே எழுதிக் கேட்க வேண்டும்.

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ஆராய்ச்சி செய்ய விரும்பினால், அங்கே போய் மறுபடியும் எம்.டி. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பிஎச்.டி.க்கு மட்டும் மனு போடலாம்.

கல்லூரி வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், எட்டு வருடம் குடித்தனம் நடத்த வேண்டியது பலகையோடு அல்ல. உள்ளே இருக்கும் மனிதர்களோடு!