தாலிக்கு முன்னாடி சம்பளச் சீட்டு



ஆடி வெள்ளி வேலைகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. கூழ் ஊற்றவும் பால்குடம் எடுக்கவும் பெயர் கொடுக்க வருகிறவர்களோடு, ஆவணி முகூர்த்தத்துக்குத் தேதி கேட்டு வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். சந்தோஷம். இப்போதெல்லாம் அதில் பெண்ணோ மாப்பிள்ளையோ தமிழ்நாட்டிலிருந்து வரும் கல்யாணங்களும் இருக்கின்றன. அந்த வீடுகளுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டு, கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

நேரடியாகச் சொல்கிறோம். வெளிநாட்டுத் துணையை இங்கே கொண்டுவந்து குடும்பம் நடத்த, நம்ம பிள்ளைகள் பலருக்குச் சம்பாத்தியம் இருக்கிறது. அந்தச் சம்பாத்தியத்துக்குக் காகிதம் இல்லை. தாலி கட்டிய பிறகு அந்தக் காகிதத்தைத் தேடி ஓடுவதில் பயனில்லை. கோயிலில் தேதி குறிப்பதற்கு முன்னாடியே அதைக் கேட்கணும் என்பது தொண்டர்களாகிய எங்கள் கருத்து.

முதலில் நடைமுறை. வெளிநாட்டு மனைவிக்கோ கணவருக்கோ குடிநுழைவுத் துறையில் எடுப்பது நீண்டகாலச் சமூக வருகை பாஸ். அதற்கு ஸ்பான்சர் இங்குள்ள குடிமகன் அல்லது குடிமகள். இருவரும் நேரில் போக வேண்டும். திருமணப் பத்திரம், ஐசி, பாஸ்போர்ட், கல்யாணப் படம், இவற்றோடு ஸ்பான்சரின் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு விவரம். இவரை நான் வைத்துக் காப்பாற்றுவேன் என்று ஒரு உறுதிப் பத்திரமும் கொடுக்கணும். பாஸைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் ஸ்பான்சர் கூடப் போய் நிற்கணும். இப்படி 5 வருஷம் இருந்த பிறகுதான் நிரந்தரவாசத்துக்கு மனு போடும் வழி திறக்கிறது. ஆக, இது ஒரு நாள் காட்டிவிட்டு மறந்துபோகிற கணக்கு கிடையாது.

இப்போது நம்ம அம்பாங்கான் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒருவர் செனாவாங் தொழிற்சாலையில் குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளிக்கு வேலை செய்கிறார். இன்னொருவர் கொன்ட்ராக்டரிடம் லோரி ஓட்டுகிறார். நாளுக்கு 100 வெள்ளி, மாதம் 26 நாள் என்றால் 2,600 வெள்ளி. கையில் வருவது லோரிக்காரத் தம்பிக்குத்தான் 900 வெள்ளி அதிகம். ஆனால் கவுண்டரில் தொழிற்சாலைத் தம்பி மூன்று மாதச் சம்பளச் சீட்டை நீட்டிவிடுவார். லோரிக்காரத் தம்பி என்னத்தை நீட்டுவார்? சட்டைப் பையில் இருக்கிற ரொக்கத்தையா?

இது எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு ஈபிஎஃப்பில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கில் காட்டாத முதலாளி அந்த 221 வெள்ளியை மிச்சம் பிடிக்கிறார். நம்ம தம்பியும், “பிடித்தம் இல்லாம முழுசா கையில கிடைக்குதுண்ணே” என்று சந்தோஷப்படுகிறார். கல்யாணப் பேச்சு எடுக்கிற அன்றைக்குத்தான் அந்த 187 வெள்ளியோடு வேறு என்னவெல்லாம் போனது என்று தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. சம்பளம் சொற்பம்தான், கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுத்தான் வேலைக்கு அனுப்பினார்கள். யார் எத்தனை நாள் பால்மரம் சீவினார்கள் என்று செக்ரோலில் கிராணி எழுதி வைத்தார். 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியில் கப்பல் கட்டணம் கொடுத்து அழைத்துவந்தபோது, பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்துதான் வந்தார்கள். தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. இவன் பெண்டாட்டியைக் காப்பாற்றுவானா என்று யாரும் சீட்டுக் கேட்கவில்லை. தோட்டங்கள் வீடமைப்பாக மாறி, நாம் வெளியே வந்தோம். பேரப்பிள்ளைகள் தாத்தாவைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் பெயர் ஏட்டில் இருந்தது, பேரனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம். உடனே நம்ம ஆட்கள், “பொண்ணு வந்துடட்டும், மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்” என்கிறார்கள். கணக்குப் பாருங்கள். நம்ம திருமணச் சட்டப்படி, அந்த வட்டாரத்தில் 7 நாள் தங்கிய பிறகுதான் பதிவுக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்கணும். 30-இல் 28 நாள் அதிலேயே போய்விட்டது. மிச்ச 2 நாளில் சம்பளச் சீட்டைத் தேடுவதா, கொன்ட்ராக்டரிடம் கடிதம் கேட்டுக் கெஞ்சுவதா? நாள் கடந்து தங்கினால் குற்றவாளியாவது அந்தப் பெண்தான், மாப்பிள்ளை இல்லை.

சிலர் வேறு வழி தேடுகிறார்கள். தெரிந்தவரிடம் கடன் வாங்கி ஒரே தடவையில் பேங்கில் போட்டுக் காட்டுவது. நண்பரின் கம்பெனி பெயரில் சம்பளச் சீட்டு அடித்துக் கொடுப்பது. வேண்டாம். வெறும் 300 வெள்ளி ஓடிக்கொண்டிருந்த கணக்கில் திடீரென்று 10,000 வெள்ளி வந்தால் சின்னப் பிள்ளைக்கே சந்தேகம் வரும். பொய்ப் பத்திரம் கொடுப்பது குற்றம். அந்தப் பொய் வெளியே வந்தால், அதற்குப் பிறகு உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நம்ப ஆள் இருக்காது.

சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகளின் பெற்றோரும் கவனிக்கணும். அங்கே எஸ் பாஸுக்கான குறைந்தபட்ச சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 சிங்கப்பூர் வெள்ளி. ஆனால் மனைவிக்குச் சார்ந்திருப்போர் பாஸ் எடுக்க மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். நடுவில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள்! ‘மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார்’ என்று சொல்லித் தமிழ்நாட்டில் பெண் கேட்கிறோம். பெண் சிங்கப்பூரில் வாழப்போகிறாளா, சிரம்பானில் மாமியாரோடு வாழப்போகிறாளா என்பதை அந்த வீட்டுக்குச் சொல்கிறோமா? சொல்லாமல் கட்டிவைப்பது நியாயமில்லை.

“கோயில்காரங்களுக்கு எதுக்கு எங்க சம்பளக் கணக்கு?” என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எவ்வளவு சம்பளம் என்று நாங்கள் கேட்கவே போவதில்லை. காகிதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கணும் என்கிறோம். 1982 மார்ச் 1 முதல் பதிவு இல்லாத கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை. அதனால்தான் இப்போது பதிவுப் பத்திரத்தைக் கேட்கிறோம், அதற்கு யாரும் கோபிப்பதில்லை. பதிவு இல்லாவிட்டால் பிறக்கிற பிள்ளை அம்மாவின் குடியுரிமையைத்தான் பின்பற்றும், அப்பா இந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும். இதையெல்லாம் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், பதினோராவதாக இந்தக் காகிதப் பொருத்தத்தையும் பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இதில் அதிகம் பணயம் வைப்பது யார் என்றும் நினைத்துப் பாருங்கள். தாய் வீட்டை விட்டு, கடல் தாண்டி வருகிற அந்தப் பெண். பாஸ் கிடைத்தாலும் வேலை செய்யும் அனுமதி தானாக வந்துவிடாது, தனியாகக் கேட்டு வாங்கணும். அவள் படித்திருப்பாள், வேலை பார்த்த அனுபவம் இருக்கும். இங்கே கணவரின் ஒரு வருமானத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பாள். புதுப்பிக்கும் நேரத்தில் கணவர் கூட வரவில்லை என்றால் அவள் நிலைமை என்ன? நம்ம சந்நிதியில் அட்சதை போட்டு வாழ்த்தியவர்கள் நாம். அதோடு நம்ம கடமை முடிந்தது என்று எங்களால் நினைக்க முடியவில்லை.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்லணும். வருமானம் கேட்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. போலிக் கல்யாணம் நடக்கிறது, கூட்டிவந்து கைவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவருடைய சம்பளத்தை மட்டும் எடைபோட்டுவிட்டு, இன்னொருவரைச் சம்பாதிக்க விடாமல் வைப்பது எந்தக் கணக்கு? பாஸ் கொடுக்கும்போதே வேலை அனுமதியும் கொடுத்தால், அடுத்த தடவை இரண்டு சம்பளச் சீட்டு வரும்.

மற்ற நாடுகளையும் பாருங்கள். பிரிட்டன் 2012-இல் துணைக்கான வருமானத்தை ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்று வைத்து, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டு ஆக்கியது. ஏழைக்குக் கதவு இன்னும் குறுகிவிட்டது. அமெரிக்காவில் ஸ்பான்சர் வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். கனடாவில் கணவன் மனைவிக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானமே கேட்பதில்லை, 3 வருஷம் பார்த்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி போதும். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் என்று மூன்று பேர் சம்பாதிக்கிற நம்ம குடும்பங்களுக்குக் கூட்டு ஸ்பான்சர் முறை எவ்வளவு பொருத்தம்! இதை நம்ம தொகுதிப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் பேசணும். தேர் அன்றைக்கு மாலை வாங்க வரும்போது நாமும் கேட்கணும்.

அது நடக்கிறவரை நம்ம கையில் இருப்பதைச் செய்வோம். தேதி குறிக்க ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

1. சம்பளத்தைப் பேங்கில் போடச் சொல்லுங்கள். வேலைச் சட்டம் 1955-இன்படி சம்பளம் பேங்க் கணக்கில்தான் வரணும், அதுவும் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். சம்பள விவரச் சீட்டு கேட்பதும் உங்கள் உரிமை. பிச்சை கேட்பதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

2. சொந்தமாக லோரி, கிரேப், கேட்டரிங் செய்கிறவர்கள் தொழிலைப் பதிவு செய்யுங்கள். வருகிற காசை முதலில் கணக்கில் போட்டு, பிறகு எடுத்துச் செலவழியுங்கள். ஈபிஎஃப்பில் நீங்களாகவே போட வழி இருக்கிறது. மாதம் 50 வெள்ளி என்றாலும் விடாமல் போடுங்கள்.

3. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிப் பாரம் அனுப்புங்கள். சம்பளக்காரருக்கு ஏப்ரல் 30, தொழில் செய்கிறவருக்கு ஜூன் 30. அந்த ரசீது நல்ல சாட்சி.

4. தமிழ்நாட்டில் கல்யாணம் செய்தால் ஆறு மாதத்துக்குள் இங்குள்ள சட்டப்படியும் பதிவு செய்துவிடுங்கள்.

5. பெண் வீட்டாரிடம் உண்மையான வருமானத்தைச் சொல்லுங்கள். பெருமைக்காக ஒரு சைபர் கூட்டாதீர்கள்.

மண்டபப் பதிவுப் பாரத்தில், ‘துணை வெளிநாட்டவரா? ஸ்பான்சரின் வருமானக் காகிதங்கள் தயாரா?’ என்று இரண்டு வரி சேர்க்கும்படி அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறோம். இல்லை என்று பதில் வந்தால் மண்டபம் மறுக்கக் கூடாது. உட்காரவைத்து விளக்கம் சொல்லணும், அவ்வளவுதான். இதற்குப் பக்தர்களின் ஆதரவு வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தாலும் கீழே எழுதுங்கள், மரியாதையாகப் பேசிக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிந்ததும் தொண்டர்களில் ஒருவர் அலுவலக மேசையில் இருப்பார். ஃபைலை எடுத்துக்கொண்டு வாங்க. பாரம் நிரப்பத் தெரியாது, மலாய்க் கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். பணம் எதுவும் வாங்க மாட்டோம்.

வருகிற மருமகள்களும் மருமகன்களும் நம்ம ஊரில் பயமில்லாமல் வாழ அம்மன் அருள் புரியட்டும்.

ஓம் சக்தி.